முதலில் மூச்சு, அப்புறம் ரத்தம்

முகத்தில் அடிபட்டவரை மல்லாக்கக் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பாதி ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களை முன்வைத்து ஒரு சிறப்புக் கட்டுரை.

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாடு கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் காரக்கோணம். அங்கே 2002-ல் சி.எஸ்.ஐ. திருச்சபை தொடங்கிய மருத்துவக் கல்லூரிக்கு டாக்டர் சாமர்வெல் பெயரை வைத்திருக்கிறார்கள். சுற்று வட்டாரத்தில் 'காரக்கோணம் ஆஸ்பத்திரி' என்றாலே போதும். சாமர்வெல் யார் என்று கேட்டால், 'பழைய வெள்ளைக்கார டாக்டர்' என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்தவர். முதல் பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பித் தென்திருவிதாங்கூருக்கு வந்தார். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தையும், அதைச் சமாளிக்க ஒற்றை டாக்டர் பட்ட பாட்டையும் பார்த்தார். லண்டன் வேலையை உதறிவிட்டு அங்கேயே பணிக்கு வந்து சேர்ந்தார். 1924-ல் அவர் மறுபடி எவரெஸ்டுக்குப் போனது நெய்யூர் டாக்டராகத்தான். அந்த ஜூன் 4-ம் தேதி, சிகரத்துக்குச் சில நூறு மீட்டர் கீழே வரை ஏறிவிட்டு இறங்கும் வழியில், கடும் குளிரில் பாழாகியிருந்த தொண்டைச் சவ்வு பெயர்ந்து மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. கூட வந்த நார்ட்டன் கொஞ்சம் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். கூப்பிடக் குரல் வரவில்லை. சாமர்வெல் பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி முயற்சியாக இரண்டு கைகளாலும் நெஞ்சை இறுக அமுக்கித் தள்ள, அடைப்பு ரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் நெய்யூரில் கத்தி பிடித்தார்.

மூச்சு அடைபட்டவனால் கத்த முடியாது. முகக் காயத்துக்கு முதலுதவி செய்யப் போகிறவர்கள் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது இது. விபத்து நடந்த இடத்தில் 'ஐயோ அம்மா' என்று அலறுகிறவர் மூச்சு விடுகிறார். ரத்தம் சொட்டச் சொட்ட அவர் கத்துவது நமக்குப் பதற்றமாக இருக்கும். ஆனால் ஓரமாகச் சத்தமில்லாமல் கிடப்பவரிடம்தான் முதலில் ஓட வேண்டும்.

இதே பாடத்தை மருத்துவ உலகம் முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளில் படித்தது. கெல்சி ஃப்ரை என்ற பிரிட்டிஷ் மருத்துவர், பல் மருத்துவமும் படித்தவர், தாடை சிதறிய ஓர் இளம் சிப்பாயைத் தலையை முன்னால் குனிய வைத்து, நடத்தியே முதலுதவி நிலையத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதுவரை அவன் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தான். அங்கே இருந்தவர்கள் அக்கறையோடு அவனை ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். ஃப்ரை திரும்பிப் போன சற்று நேரத்தில் அவன் செத்துப்போனான். குண்டு கொல்லாதவனை, படுக்க வைத்த விதம் கொன்றது. இதே ஃப்ரைதான் பின்னர் ஹெரால்டு கில்லிஸ் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து, 1917-ல் லண்டனை ஒட்டிய சிட்கப்பில் தொடங்கிய முகச் சீரமைப்பு மருத்துவமனையில் வேலை பார்த்தார். அங்கே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரியின் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

நூறு ஆண்டு தாண்டிவிட்டது. நம்மூர் ரோட்டில் இன்றும் ஸ்ட்ரெச்சருக்குப் பதில் ஆட்டோ, மற்றபடி அதே மல்லாக்கு.

ரோட்டில் நடப்பது

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது, இஞ்சிவிளையில் கேரளம் தொடங்குகிறது. கடைப் பலகையில் எழுத்து மாறும். பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது. தேசிய நெடுஞ்சாலை 66-ல் பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று போனால் கே.எல்.19, கே.எல்.20 வண்டிகளுக்கு நடுவே டி.என்.75 வண்டிகள் சமமாகவே ஓடும். விடியற்காலையில் ரப்பர் வெட்டப் போகிறவர், கொல்லங்கோடு பக்கமிருந்து மீன் பெட்டி கட்டி வரும் மொபெட், கொத்தனார், நர்சிங் படிக்கும் பிள்ளைகள் என எல்லாம் இரண்டு சக்கரத்தில்தான். இரண்டு சக்கரத்திலிருந்து விழுகிறவருக்குக் கை ஊன்ற நேரம் கிடைக்காவிட்டால் தரையில் முதலில் படுவது முகம். பின்னால் ஒருபக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வரும் பெண்களின் சேலை முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் இழுத்து விழுவதும் முகம் குப்புறத்தான்.

கூட்டம் கூடும். 'தண்ணி குடுடே' என்று ஒருவர், 'சோடா உடைச்சு மூஞ்சில அடி' என்று இன்னொருவர். முதலில் கைவிட வேண்டியது இந்தத் தண்ணீர்தான். வாயில் ரத்தமும் உடைந்த பல்லும் கிடக்கும்போது ஊற்றும் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகலாம். கொஞ்ச நேரத்தில் அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால், வயிற்றில் இருக்கும் தண்ணீரும் சோடாவும் வாந்தியாக மேலே வந்து அதே வேலையைச் செய்யும். தாகமாக இருக்கிறது என்று கெஞ்சினால் உதட்டை நனைத்துவிடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது, தூக்குவது. கீழ்த்தாடை எலும்பின் முன்பகுதியில், உட்பக்கமாகத்தான் நாக்கின் தசைகள் கட்டப்பட்டிருக்கின்றன. தாடை இரண்டு பக்கமும் முறிந்து நாடித் துண்டு தனியாக ஆடினால் நாக்குக்குப் பிடிமானம் போய்விடும். அந்த ஆளை மல்லாக்கப் போட்டால் நாக்கு தொண்டைக்குள் சரியும், அதன் மேல் ரத்தம் தேங்கும். நினைவோடு இருப்பவர் என்றால் அவரே முன்னால் குனிந்து உட்காரத்தான் பார்ப்பார், வாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் ஒழுகும். அசிங்கமாக இருக்கிறது என்று நாம்தான் அவரை நிமிர்த்தி, சாய்த்து, படுக்க வைக்கிறோம். விட்டுவிடுங்கள். அவர் உடம்புக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. ஆட்டோவில் நடுவில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு, தலை முன்னால் கவிந்திருக்கும்படி கொண்டுபோகலாம். தாடையை அவரே ஒரு துணி மடிப்பை வைத்துக் கையால் தாங்கிக்கொள்ளட்டும். பழைய முதலுதவிப் புத்தகங்களில் நாடிக்குக் கீழே துணி கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போடும் கட்டு ஒன்று படம் போட்டிருக்கும். அதை மறந்துவிடுவது நல்லது. வாயை இறுகக் கட்டிய ஆள் வாந்தி எடுத்தால் என்ன ஆகும் என்று படம் போட்டவர் யோசித்திருக்க மாட்டார்.

நினைவில்லாமல் கிடந்தால் கதை வேறு. முகத்தில் எலும்பு முறியும் அளவுக்கு அடி விழுந்திருந்தால் கழுத்தெலும்பிலும் அடி இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் மூச்சு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். மூச்சு வந்தால், ஒருவர் தலையையும் கழுத்தையும் இரண்டு கையாலும் அசையாமல் பிடிக்க, மற்ற இருவர் தோளையும் இடுப்பையும் பிடித்து, உடம்பு முழுவதையும் ஒரே மரக்கட்டையாகப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். வாய் தரையைப் பார்க்க இருந்தால் ரத்தம் வெளியே வடியும். வாய்க்குள் கண்ணுக்குத் தெரிகிற பல் துண்டு, பல்செட், மண் ஆகியவற்றை எடுத்துவிடலாம். தெரியாததைத் தேடி விரலை விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே தள்ளிவிடுவோம். அப்படியும் கொர் கொர் என்று அடைத்த சத்தம் வந்தால், காதுக்குக் கீழே தாடையின் மூலையில் விரல்களை வைத்து, தலையைச் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்பக்கமாக உயர்த்துங்கள். தாடையோடு நாக்கும் முன்னால் வரும்.

ஹெல்மெட் போட்டிருந்தால் அவசரமாகப் பிடுங்க வேண்டாம். முன்கண்ணாடியைத் தூக்கி, வாரை அவிழ்த்து, மூச்சு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே இருக்கட்டும். வாந்தி எடுத்தாலோ மூச்சு நின்றாலோ மட்டும், ஒருவர் கீழிருந்து கழுத்தையும் தாடையையும் தாங்க, இன்னொருவர் ஹெல்மெட்டின் இரண்டு பக்கத்தையும் விரித்து மெதுவாக உருவ வேண்டும்.

போலீசுக்காக மட்டும் போடும் அந்த அரைச்சட்டி ஹெல்மெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மண்டையை ஓரளவு காக்கும். நாடியையும் பல்லையும் கன்னத்தையும் காக்க அதில் ஒன்றுமே இல்லை. முழுமுக ஹெல்மெட்டின் விலை, ஒரு தாடை எலும்புக்குத் தகடு வைக்கும் செலவின் பக்கத்தில்கூட வராது.

பச்சிலையும் துணியும்

மூச்சு சரியாக இருந்தால்தான் ரத்தத்தின் முறை வரும். முகத்துக்கு ரத்த ஓட்டம் அதிகம். புருவத்தில் ஒரு அங்குலக் கிழிசலே சட்டை முழுவதையும் நனைத்துவிடும். பார்க்கத்தான் பயங்கரம். அந்த ரத்த ஓட்டமே முகக் காயம் சீக்கிரம் ஆறுவதற்கும், சீழ் அதிகம் பிடிக்காததற்கும் காரணம். கை காலில் பட்ட காயத்தைவிட முகக் காயத்துக்குத் தையல் போடக் கூடுதல் அவகாசம் உண்டு. அதனால் பக்கத்துக் கிளினிக்கில் அவசரமாக இரண்டு தையல் போட்டு ஒப்பேற்றுவதைவிட, சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, விவரம் தெரிந்த டாக்டரிடம் போய்ச் சேர்வது மேல். உதட்டின் சிவப்பும் தோலும் சேரும் கோடு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அது ஆயுசுக்கும் தெரியும். இமையும் புருவமும் அப்படித்தான். புருவத்தை மழித்துவிடச் சொல்லாதீர்கள், ஒழுங்காகச் சேர்த்துத் தைக்க அதுதான் டாக்டருக்கு அடையாளம்.

அழுத்துவது என்றால் பத்து நிமிடம், எடுத்து எடுத்துப் பார்க்காமல். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. அடியில் எலும்பு நொறுங்கி ஆடுவது தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் பலமாக அழுத்த வேண்டாம்.

எல்லையோர ஊர்களில் துணியைவிட முன்னால் வந்து சேர்வது இலை. ரப்பர் தோட்டத்து வரப்பெல்லாம் மண்டிக் கிடக்கும் கம்யூனிஸ்ட் பச்சையைக் கசக்கிச் சாறு பிழிவது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான வைத்தியம். இல்லாவிட்டால் வீட்டு முற்றத்து முறிகூட்டி. அதுவும் இல்லாவிட்டால் காப்பித்தூள், மஞ்சள். விரலில் பட்ட கத்திக் கீறலுக்கு இலைச்சாறு ரத்தத்தை நிறுத்தியிருக்கலாம், நானும் சின்ன வயதில் பிழிந்துகொண்டவன்தான். முகத்தில் வேண்டாம். இலையோடு மண்ணும் கிருமியும் சேரும். காப்பித்தூளைக் காயத்திலிருந்து ஒவ்வொரு துகளாகப் பொறுக்க டாக்டர் அரைமணி நேரம் செலவழிக்க வேண்டி வரும். எடுக்காமல் விட்டால் தோலுக்கு அடியில் கறுப்பாகப் பச்சை குத்தியதுபோல் நிற்கும். தார் ரோட்டில் தேய்ந்த கன்னத்திலும் இதே சிக்கல். சரளையும் தார்த் துகளும் தோலில் தங்கினால் பின்னால் எந்தக் கிரீமாலும் போகாது. முதல் நாளே கழுவி எடுத்துவிட வேண்டும்.

காது மடலோ மூக்கு நுனியோ துண்டாகிவிட்டால் தேடி எடுங்கள். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்தக் கவரை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோங்கள். துண்டு நேராக ஐஸில் படக் கூடாது.

மூக்கு என்றதும் இன்னொன்று. மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்வது நம் எல்லா வீட்டிலும் உண்டு. ரத்தம் நிற்காது, தொண்டை வழியாக வயிற்றுக்குப் போகும், பிறகு வாந்தியாக வரும். முன்னால் குனிந்து, மூக்கின் மிருதுவான கீழ்ப்பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் இறுக்கிப் பிடித்து, வாயால் மூச்சு விட வேண்டும். அடிபட்ட பிறகு மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தண்ணீர் மாதிரி தெளிவாக ஒழுகினால், அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். பஞ்சு அடைக்காதீர்கள், மூக்கைச் சிந்த விடாதீர்கள், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூக்கில் அடிபட்ட குழந்தைக்கு மறுநாள் இரண்டு துவாரமும் அடைத்து, உள்ளே நடுச்சுவர் உப்பியிருந்தால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். உள்ளே தேங்கிய ரத்தத்தை வடிக்காவிட்டால் குருத்தெலும்பு செத்து, மூக்குத் தண்டு உள்வாங்கிவிடும்.

ஆசிட்டும் சுண்ணாம்பும்

முகக் காயம் என்றால் ரோடு மட்டும் நினைவுக்கு வருவது நகரத்துக்காரர்களுக்கு. வெள்ளறடை, குன்னத்துகால், பளுகல் பக்கத்து ரப்பர் புரைகளில் பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் இருக்கும். கேனில் வருவது செறிவு மிகுந்தது, தண்ணீர் கலந்துதான் பாலில் ஊற்றுவார்கள். கலக்கும்போது தெறித்தால் கண். பாலைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் அமோனியாவும் லேசுப்பட்டதல்ல. பனையேற்றம் குறைந்துவிட்டாலும் இன்னும் நடக்கிற இடங்களில், அக்கானி (பதநீர்) புளிக்காமலிருக்கக் கலயத்துக்குள் பூசும் சுண்ணாம்பு கண்ணில் விழுவது உண்டு.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான். தண்ணீர், அதுவும் உடனே, அதுவும் நிறைய. இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது பதினைந்து நிமிடம், முடிந்தால் அரைமணி நேரம் ஓடும் தண்ணீர். பாதித்த கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்தால் ஆசிட் அடுத்த கண்ணுக்கு ஓடாது. சுண்ணாம்பு என்றால் ஒட்டியிருக்கும் கட்டிகளை ஈரத் துணி நுனியால் துடைத்து எடுத்துக்கொண்டே கழுவ வேண்டும். சுண்ணாம்பும் அமோனியாவும் காரவகை. ஆசிட்டைவிட ஆழமாகக் கண்ணுக்குள் இறங்குபவை. கழுவும் நேரம் அங்கே இன்னும் கூட வேண்டும். ஆசிட்டுக்கு மாற்றாகச் சோடா உப்பு போடுவது, தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது எதுவும் கூடாது. 'ஆஸ்பத்திரியில போய்க் கழுவலாம்' என்று வண்டியைத் தேடும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் பார்வை போகிறது. புரைக்குள்ளேயே ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் நிறைந்திருப்பது எந்தச் சொட்டு மருந்தையும்விடப் பெரிய காரியம்.

கண்ணில் குச்சியோ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து, எதுவும் அழுத்தாதபடி மேலே ஒட்டி, இரண்டு கண்ணையும் அசைக்காமல் கொண்டுபோங்கள்.

கண்குழியின் தரையெலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிசு. கிரிக்கெட் பந்தோ முழங்கையோ கண்ணில் பட்டால் கண் தப்பி, அந்தத் தரை உடையும். பெரியவர்களுக்குக் கண் வீங்கிக் கறுக்கும், பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். குழந்தைகளிடம் ஏமாற்றும் வகை ஒன்று உண்டு. எலும்பு வளைந்து விரிந்து, கண்ணின் தசையைக் கவ்விக்கொண்டு மூடிவிடும். வெளியே வீக்கமே இருக்காது, கண் வெள்ளையாகவே இருக்கும். பிள்ளை வாந்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும், மேலே பார்க்கச் சொன்னால் ஒரு கண் ஏறாது. வயிற்றுக் கோளாறு என்று நினைத்து வீட்டில் வைத்திருந்தால் தசை செத்துவிடும்.

மில்மா கவரில் ஒரு பல்

விழுந்து பல் முழுதாகத் தெறித்துவிட்டால் அதைத் தேடி எடுக்கிறவர் மிகக் குறைவு. பால்பல் என்றால் விட்டுவிடலாம், திரும்பச் செருகினால் அடியில் வளரும் பல்லைக் கெடுக்கும். நிலைத்த பல் என்றால் அதைத் திரும்ப நட முடியும். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ உப்புக் கரைசலிலோ ஒருமுறை அலசுங்கள். தேய்க்க வேண்டாம், சோப்பு வேண்டாம். ஆள் நினைவோடு இருந்தால் அப்போதே குழியில் சரியான பக்கம் பார்த்துச் செருகி, மடித்த துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லலாம். துணிச்சல் வராவிட்டால் தட்டுக்கடையில் ஒரு மில்மா கவரோ, எல்லைக்கு அந்தப் பக்கமானால் ஆவினோ வாங்கி, குளிர்ந்த பாலில் பல்லைப் போட்டுக்கொண்டு ஓடுங்கள். பாலும் இல்லையா, அவர் எச்சிலையே ஒரு கிளாஸில் துப்பச் சொல்லி அதில் போடுங்கள். காகிதத்தில் மடித்துப் பையில் வைத்தால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் அரைமணி நேரத்திலேயே காய்ந்து சாகத் தொடங்கும். ஒரு மணி நேரம் வறண்டு கிடந்த பல்லை நட்டாலும் நாளடைவில் வேர் கரைந்துபோகும்.

தென்னை நாட்டில் இளநீர் உதவாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னைப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட சோதனையில் இளநீர் பாலைவிட நன்றாகவே உயிரணுக்களைக் காத்தது. பிறகு வேறு நாடுகளில் நடந்த சோதனைகள், இளநீரின் புளிப்புத்தன்மை காரணமாகப் பாலே மேல் என்றன. பல் காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-ல் தந்த வழிகாட்டுதலில் பால்தான் முதல் இடத்தில் இருக்கிறது. பால் கிடைக்காத வழியில் இளநீர்க் கடை மட்டும் இருந்தால் நான் இளநீரில்தான் போடுவேன். காய விடுவதைவிட எதுவும் மேல்.

அடிபட்ட பிறகு 'பல் சேர மாட்டேங்குது' என்று ஒருவர் சொன்னால், அதாவது வாயை மூடினால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் வழக்கம்போல் பொருந்தவில்லை என்றால், தாடை முறிந்திருப்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. எக்ஸ்ரேக்கு முன்னால் அந்த வாயே சொல்லிவிடும்.

நாய்

கேரளத்தில் தெருநாய்க் கடி அரசியல் பிரச்சினையாகவே மாறிவிட்டது. இங்கே அந்த விவாதத்துக்குள் போகவில்லை. ஆனால் முகத்தில் கடி என்பது முகக் காயங்களிலேயே தனி ஜாதி. ரேபிஸ் கிருமி நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. காலில் கடித்தால் அது நடக்க வேண்டிய தூரம் அதிகம், முகத்தில் கடித்தால் மிகக் குறைவு. 2022 செப்டம்பரில் பத்தனம்திட்டா மாவட்டத்தில், முகத்தில் கடிபட்ட 12 வயதுச் சிறுமி தடுப்பூசி போட்டும் இறந்தது கேரளத்தையே உலுக்கியது.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில், வலியில் துடிக்கும் குழந்தைக்கு, பதினைந்து நிமிடம் என்பது பெற்றவர்களுக்கு நரகம். ஆனாலும் கழுவ வேண்டும். கிருமியை நரம்பில் ஏறும் முன்பே குறைக்கிற வழி அதுதான். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றியே ஊசியால் ஏற்றும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் போடப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அது போடாமல் காயத்தைத் தைக்கக் கூடாது.

ஆசானிடம் போகலாமா?

விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் வர்மத்தின் தாய்நிலம். அடிமுறையும் தெக்கன் களரியும் இங்கே பிறந்தவை. உடம்பின் 108 வர்மங்களில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று ஆசான்கள் வகுத்திருக்கிறார்கள். புருவ நடுவில் திலர்தம், கண்ணோரத்தில் நட்சத்திரம் என்று முகத்திலேயே பல உண்டு. அடிபட்டு மயங்கியவனை இளக்குமுறையால் எழுப்பிய கதை இல்லாத குடும்பம் இந்த ஊர்களில் குறைவு. ஆம்புலன்ஸ் இல்லாத காலத்தில் முதலுதவி என்று ஒன்று இங்கே இருந்தது என்றால் அது ஆசானின் கைதான். அதை இளக்காரமாகப் பேசுகிற டாக்டர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் முகத்தில் எலும்பு முறிந்து ரத்தம் வரும் ஆளிடம் அந்தக் கை வேண்டாம் என்றே சொல்வேன். தடவுவதும், தலையைத் திருப்புவதும், சுக்கை மென்று காதிலும் மூக்கிலும் ஊதுவதும், மண்டையின் அடித்தளம் விரிசல் கண்டிருந்தால் மூளை வரை கிருமியைக் கொண்டுபோகும். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் ஒரு திருப்பலே போதும். விவரமுள்ள ஆசான் இதை அறிவார். உயிருக்கு ஆபத்தான படுவர்ம அடியைத் தொடாதே என்பதும் அந்த மரபு சொல்லிக்கொடுப்பதுதான். எலும்பு கூடி, தையல் பிரித்த பிறகு, வாய் திறக்காமல் இறுகிப்போன தாடைக்கு எண்ணெயும் பயிற்சியும் வேண்டுமென்றால், அப்போது ஆசானோடும் டாக்டரோடும் சேர்ந்து பேசிக்கொள்ளலாம்.

எந்தப் பக்கம் போவது?

1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று போட்ட கோட்டின் மேல்தான் இன்று விபத்து நடக்கிறது. அடிபட்டவர் ஒரு மாநிலம், அடித்த வண்டி இன்னொரு மாநிலம், பக்கத்து ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டால் கூட்டத்தில் இரண்டு பக்கமும் கை நீளும்.

பாறசாலையில் தாலுகா தலைமை மருத்துவமனை, நெய்யாற்றின்கரையில் ஜெனரல் ஆஸ்பத்திரி, காரக்கோணத்தில் மருத்துவக் கல்லூரி, அந்தப் பக்கம் குழித்துறை அரசு மருத்துவமனை. மூச்சுத் திணறல் இருந்தால் எது கிட்டக்க இருக்கிறதோ அதுதான் சரி. மூச்சு நிலைத்து, முகவெலும்பு முறிவு மட்டும் மிச்சமானால் அதற்கான ஆள் இருக்கும் இடம் வேண்டும். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும், 1959-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும் ஒரு திசையில், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி எதிர்த்திசையில். முகவெலும்பை அன்றைக்கே பொருத்த வேண்டும் என்பதில்லை. வீக்கம் வடிய விட்டு, சில நாள் கழித்துப் பொருத்துவது வழக்கம்தான். அதனால் பதற்றத்தில் ஆஸ்பத்திரி மாற்றி மாற்றி ஓடத் தேவையில்லை.

108 இரண்டு மாநிலத்திலும் ஒரே எண். ஆனால் எல்லையில் செல்போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போய்விடலாம். எனவே எடுத்தவுடன் மாநிலத்தையும் ஊரையும் பக்கத்து அடையாளத்தையும் சொல்லுங்கள். 'இஞ்சிவிளை, கேரளா பக்கம்' என்றால் அரை நிமிடம் மிச்சம்.

செலவு விஷயத்தில் எல்லைக்காரர்கள் பலருக்கும் தெரியாத ஒன்று. 2021 டிசம்பரில் தமிழ்நாடு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது உண்டு. வரம்பு முதலில் ஒரு லட்சமாக இருந்து இரண்டு லட்சமாக உயர்ந்தது. களியக்காவிளையில் அடிபட்ட பாறசாலைக்காரருக்கும் இது பொருந்தும். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம், நாட்டில் எந்தச் சாலையிலும் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை தருகிறது.

போலீஸ் பயத்தால் ஒதுங்கி நிற்கிறவர்களுக்கும் சேதி உண்டு. உயிரைக் காப்பாற்றிய பிறகுதான் வழக்கு வம்பெல்லாம் என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கிலேயே டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது. உதவுகிறவருக்கு 2016-ல் நீதிமன்றம் தந்த பாதுகாப்பு, 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாகவே வந்துவிட்டது. பெயர் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அடிபட்டவர் தரப்பு மட்டும் ஒரு காகிதத்தைத் தொலைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் அதன் பெயர் ஏ.ஆர். காப்பி, கேரளத்தில் வூண்ட் சர்ட்டிபிகேட். இழப்பீட்டு வழக்கு இரண்டு பக்கத்திலும் அதன் மேல்தான் நிற்கும். முகத்தில் எந்த இடத்தில் எத்தனை காயம், எத்தனை பல் போனது என்பது அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியவை சில. கன்ன எலும்போ கண்குழியோ முறிந்தவர் சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. சிந்தினால் காற்று கண்ணைச் சுற்றி ஏறி வீங்கும். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாடை முறிவுக்கு இப்போது டைட்டானியத் தகடு வைக்கிறார்கள். சிலருக்கு மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டி, நாலைந்து வாரம் வாயைத் திறக்க விடாமல் வைப்பார்கள். பயற்றுக் கஞ்சியை அரைத்து வடிகட்டி ஸ்ட்ராவில் குடிக்க வேண்டியதுதான். அப்படிக் கட்டிய ஆளை வீட்டுக்கு அனுப்பும்போது கம்பி வெட்டும் கத்தரி ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கம்பியை வெட்ட வேண்டும் என்பதை வீட்டில் இரண்டு பேராவது டாக்டரிடம் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலும் கீழுமாகப் பல் வரிசைகளை இணைக்கும் செங்குத்துக் கம்பிகள்தான் அவை. வாந்தி வந்தால் முதலில் முன்னால் குனிய வையுங்கள், கஞ்சிதானே, பல்லிடுக்கு வழியாகவே பெரும்பாலும் வெளியே வந்துவிடும். அப்படியும் மூச்சு முட்டினால் வெட்டிவிடுங்கள். கம்பியை மறுபடி கட்டிக்கொள்ளலாம்.